கோட்டை வாசலில் இரண்டு பெண்கள்

கல்யாணமான கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவள் நான். வீட்டுக்காரர் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். கடற்கரைக் கோட்டைக்குப் பின்தெருவில் ஒரு வாடகை வீடு. ஊரை நான் சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் அவரை அலுவலக வேலையாகச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பயப்பிடாதையும். இரண்டு கிழமையில வந்திடுவன்" என்று சொல்லிப் போனார்.

அவர் போன பிறகுதான் குண்டு விழுந்தது. கோட்டைப் பீரங்கிகளெல்லாம் கடலைப் பார்த்தபடி இருக்க, ஜப்பான் விமானங்கள் தலைக்கு மேலே வந்தன. தெரு இரண்டு நாளில் முக்கால்வாசி காலியானது. தெரிந்த குடும்பங்கள் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஓடின. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவர் திரும்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்தால் என்னை எங்கே தேடுவார் என்று யோசித்தேன். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். காலை என்று சொல்லும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். தெருமுனைச் சாப்பாட்டுக் கடை முதலாளி, தமிழ் முஸ்லிம், அரிசி வந்தால் எனக்கும் கொஞ்சம் கொண்டுவந்து வைப்பார்.

"தங்கச்சி, பாசாருக்கெல்லாம் நீங்க வராதீங்கலா. ரோட்டுல சோல்ஜருங்க நிக்கிறானுங்க."

ஒருநாள் அவர் அரிசியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "சிங்கப்பூர்லருந்து வந்த ஆளு சொன்னான். ஹார்பர் ஆளுங்கள ஜப்பான்காரனுங்க கப்பல்ல ஏத்தி சுமத்ராவுக்குக் கொண்டுபோயிட்டாங்களாம்."

"இவரும் அதில போனாரோ அண்ணை?"

"தெரியலம்மா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

அதன்பின் பல நாள் யாரோடும் பேசவில்லை. மாலையில் குரல் இருக்கிறதா என்று ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சீனத்தி, என் வயதுதான் இருக்கும். தையல் வேலை செய்வாள். அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் தெருவில் நிறுத்தினார்களாம். முகத்தை மூடிய உளவாளி ஒருவன் கைகாட்ட, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டைக்குள் வைத்திருப்பதாகப் பேச்சு. இரண்டு நாள் கழித்து என் பின்கதவைத் தட்டினாள்.

"காக்கா" என்றாள். மலாய் மொழியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைக் காகம் என்கிறாளே என்று ஒரு கணம் விழித்தேன். கையில் வாழையிலைப் பொட்டலம். துருவிய மரவள்ளிக்கிழங்கில் தேங்காய்ப்பூ போட்டு அவித்தது. கோட்டையைக் காட்டி, "சாயா தாக்குட்" என்றாள். பயமாக இருக்கிறது, கூட வா என்பதுதான் அவள் கேட்டது.

எனக்கும் பயம்தான். ஆனாலும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன். வாசல் சிப்பாய்க்கு முன்னால் இருவரும் இடுப்பு வளையக் குனிந்தோம். அவன் பொட்டலத்தை வாங்கிக் கீழே வைத்தான். உள்ளே போய்ச் சேர்ந்ததோ, அவனே தின்றானோ, தெரியாது. மறுநாளும் போனோம். நாள் தவறாமல் போனோம். வழியில் பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். எனக்குத் தெரிந்த மலாய் ஒரு கைப்பிடி. ஆனால் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது. கூட நடக்க ஓர் ஆள் இருந்தாள். அவளுடைய துக்கத்தால் எனக்குத் துணை கிடைத்தது என்று நினைக்கும்போது கூசும்.

பிறகு ஒருநாள் சிப்பாய் பொட்டலத்தை வாங்கவில்லை. உள்ளே ஆள் இல்லை என்பதுபோல் கையை ஆட்டினான். அவள் மறுபடியும் நீட்டினாள். அவன் துப்பாக்கியால் அவள் கையைத் தள்ளிவிட்டான்.

கோட்டைக்கு அந்தப்பக்கம் கடற்சுவரில் போய் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் கையில் வைத்தாள். "மாக்கான்", சாப்பிடு, என்றாள். இருவரும் தின்றோம். அவள் இலையில் ஒட்டியதைக்கூட விடாமல் வழித்துத் தின்றாள்.

அந்த வாரமே அவள் பாலிக் புலாவ் பக்கம் தன் சனத்திடம் புறப்பட்டாள். என்னையும் வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டைக் காட்டி, அவர் வருவார் என்றேன். என் கையை விட்டுவிட்டுத் தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த காலம்தான் கொடியது.

சண்டை முடிந்து நெடுநாள் கழித்து அவர் வந்தார். எலும்பும் தோலுமாக வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தனியவோ இருந்தனீர்?" என்று கேட்டார்.

"ஓம்."

சுமத்ராவில் செத்துப்போனவர்களைப் பற்றி அவர் நிறையச் சொன்னார், நான் கேட்டேன். நான் அந்தச் சீனத்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். போனோம், குனிந்தோம், வந்தோம் என்பதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் அவளைத் தேடி அவரோடு பஸ் ஏறி பாலிக் புலாவ் போனேன். கடைத்தெருவில் தையற்கடை தையற்கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். அவள் பெயரை நான் கேட்டதே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அவர் எனக்குக் குடை பிடித்தார். வந்த பஸ்ஸிலேயே திரும்பினோம்.

பிறகு கெலுகோருக்குக் குடிபோனோம். சுற்றிலும் எங்கள் ஆட்கள், பேச்சுக்குக் குறைவில்லை. ஆனாலும் அங்கே போயும் வெகுகாலம் நான் அதிகம் பேசவில்லை.