பித்தளையில் பொறிக்க ஒரு பெயர்

ரங்கூனில், தாமுவே பேட்டையில், எங்கள் தெருவில் நடக்கும்போது நான் தரையையே பார்த்துக்கொண்டு போகிறேனாம். "என்னத்தக்கா தொலச்சீங்க?" என்று தங்கை செல்வி கேலி செய்கிறாள். பெர்லினில் பதினோரு வருடமாக இருப்பதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே நடைபாதையில், கல்லோடு கல்லாக, உள்ளங்கை அகலத்தில் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் பதித்திருப்பார்கள். நாஜிகள் கொன்ற யூதர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில், ஆளுக்கொன்று.

அங்கே நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் மூன்று. தகப்பன், தாய், நான்கு வயது லியா. குடிபோன அன்றே தெரியாமல் மிதித்துவிட்டேன். எழுத்தை மிதித்தால் நம்மால் சும்மா போக முடியுமா? குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதோடு விட்டேனா? இனி யார் காலும் படக்கூடாதென்று மூன்றின் மேலும் பூந்தொட்டி வைத்தேன், பெரிய மேதாவி மாதிரி. மறுநாள் காலை கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவை இடித்தாள். "ஏன் மறைத்தாய்? இந்தப் பெயர்களைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லையா?" எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "கால்... பாவம்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தொட்டிகளை நகர்த்தி, மண்டியிட்டு, துணியால் தகடுகளைத் தேய்த்தாள். "படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். அதற்குத்தான் தரையில்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து லியாவின் தகட்டைத் துடைப்பது என் வேலை.

துடைக்கும்போதெல்லாம் அப்பாவின் தங்கை நினைவு வரும். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அப்பாவின் குடும்பம் இந்தியாவை நோக்கி நடந்தது. வழியில் மலைக்காட்டில் காய்ச்சல் கண்டு அவள் செத்துப்போனாள். அவளுக்கும் நான்கு வயது. போர் முடிந்து மற்றவர்கள் இதே வீட்டுக்குத் திரும்பினார்கள். அப்பா அவளைப் 'பாப்பா' என்று மட்டுமே சொல்வார். சின்ன வயதில் ஒருமுறை பெயரைக் கேட்டேன். சோற்றுத்தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு நான் கேட்கவே இல்லை. பெர்லினிலிருந்து வாரந்தோறும் போன் பேசினேன். மழை, கரண்ட், மாத்திரை என்று எல்லாம் பேசினோம். அடுத்த லீவில் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். போன மாதம் அப்பா போய்விட்டார். பாவி நான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் வாசலில் அவளுக்கு ஒரு தகடு பதிக்காமல் பெர்லினுக்குத் திரும்ப மனம் வரவில்லை.

"வாசல்ல பதிச்சா மிதிப்பாங்கக்கா" என்றாள் செல்வி.

"குனிஞ்சு படிப்பாங்கடி."

லான்மடா பேட்டையில் பெயர்ப்பலகை வெட்டும் தமிழரிடம் போனோம். பர்மிய வழக்கப்படி என்னை அக்கா என்பதற்கு 'அமா' என்றார்.

"என்ன பேரு போடணும் அமா?"

"பாப்பா."

"எல்லார் வீட்டுலயும் பாப்பா இருக்கே. பேரு சொல்லுங்க அமா."

காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். நாக்கில் வந்து நின்றது லியாவின் பெயர்.