ரெகுலேட்டரில் வைத்த பொட்டு

பித்தளையில் துளை போட்டால் பிசிறு வரும். அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் குறுக்கே ஒரு துளையும் நெடுக்கே ஒரு துளையும் சந்திக்கிற இடத்தில், உள்ளுக்குள், கண்ணுக்கே தெரியாமல் முடி மாதிரி ஒன்று நிற்கும் பாருங்கள், அந்தப் பிசிறுதான் பல வருஷம் எங்கள் உயிரை வாங்கியது. தேனியில் என் வீட்டுக்காரர் லேத் பட்டறை நடத்துகிறார். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பம்புக்கு வால்வு செய்கிறோம். உள்ளே ஒரு பிசிறு தங்கிவிட்டால் போதும், அது கழன்று போய் மருந்து பீய்ச்சுகிற முனையை அடைத்துக்கொள்ளும். உடனே கம்பத்துத் தோட்டக்காரர்களிடமிருந்து போன் வரும். இவர் எடுக்க மாட்டார். நான்தான் எடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அந்தத் தொல்லைக்காகத்தான், கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி கைமாற்றிய மெஷின் ஒன்றை இவர் கொண்டுவந்து இறக்கினார். வால்வுகளைக் கழுவிக் காயவைத்து, அதன் கனத்த இரும்பு அறைக்குள் அடுக்கி மூடிவிட வேண்டும். எரிவாயுவையும் ஆக்சிஜனையும் உள்ளே ஏற்றித் தீப்பொறி வைத்தால் ‘டொம்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண் இமைப்பதற்குள் உள்ளே கடுஞ்சூடு வந்து போய்விடும். கனமான பித்தளை தாங்கிக்கொள்ளும். மெலிசான பிசிறு தாங்காது, எரிந்தே போகும்.

முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு டீயை என் சேலையிலேயே கொட்டிக்கொண்டேன். மூடியைத் திறந்தால் வால்வெல்லாம் கருத்துக் கிடக்கிறது. “அம்புட்டும் போச்சா?” என்று கேட்டேன். இவர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கழுவி என் கையில் கொடுத்தார். ஊசியை விட்டு உள்ளே துழாவினேன். ஓரிடத்திலும் மாட்டவில்லை. நாள் பூராவும் உட்கார்ந்து நாங்கள் சுரண்டியதை ஒரு சத்தம் முடித்துவிட்டது. நான் பேச்சிழந்து நின்றதை அன்றுதான் பார்த்ததாக இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மெஷினை மாட்டிக் கொடுக்க வந்த கோயம்புத்தூர் மெக்கானிக் போகும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“ஆக்சிஜன் போற வழியில மட்டும் எண்ணெ படக்கூடாதுங்க. சிலிண்டரத் தொறந்ததும் அது தானாப் பத்திக்கும். அப்புறம் இரும்பே எரியுமுங்க. பக்கத்துல நிக்கிற ஆளுக்கு ஓடறதுக்கு நேரமிருக்காது.”

அன்றைக்கே சிலிண்டருக்கு மேலே ‘எண்ணெய் கூடாது’ என்று சிவப்பில் எழுதி ஒரு போர்டு மாட்டினோம். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் இவர் அந்தப் பக்கமே போனதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரர்களுக்கு அதுதான் பெரிய பண்டிகை. லேத், துளைபோடுகிற மெஷின், சாணைக்கல், ஸ்பேனர் என்று ஒன்று விடாமல் துடைத்து, எண்ணெய்த் துணியால் பளபளவென்று தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். புது மெஷினுக்கு மட்டும் காய்ந்த துணிதான் என்று வேலையாட்களிடம் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். அவர்களும் அப்படியே செய்தார்கள்.

மத்தியான பஸ்ஸில் சுருளிப்பட்டியிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினாள். இவருக்கு ஒரே தங்கச்சி. தகப்பன் இல்லாத வீட்டில் இவர்தான் லேத்தில் நின்று சம்பாதித்து அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். வந்தால் சும்மா உட்கார மாட்டாள். கண்ணில் படுகிறதையெல்லாம் கழுவித் துடைத்து வைத்துவிடுவாள். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். அதை அவளிடமே சொல்லிக் கிண்டல் பண்ணியும் இருக்கிறேன்.

அன்றைக்குப் பார்த்து ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்திருந்தது. அதன் தலையில் மாட்டியிருந்த, ஆக்சிஜனை அளவாக விடுகிற பித்தளை ரெகுலேட்டரைக் கழற்ற இவர் மல்லுக்கட்டினார். நட்டு இறுகிக்கொண்டு வர மறுத்தது. ஒருவழியாகக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சிவந்துபோன உள்ளங்கையை ஊதிக்கொண்டார். பக்கத்தில் நின்று நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பூஜை, பொரி, சுண்டல், வந்தவர் போனவர் என்று பொழுது போய்விட்டது. போர்டு இருந்த ஆணியில் யாரோ பெரிய மாலையாக மாட்டியிருந்தார்கள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. எல்லா மெஷினிலும் பேருக்கு ஒரு வேலையாவது போட்டு எடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். லேத்தில் சின்னதாக ஒரு பித்தளை வளையம் கடைந்து முடித்துவிட்டு, இவர் புது சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டப் போனார். கையைக் கழுவித்தான் போனார். ஆனால் வழியில் ஒவ்வொரு மெஷினிலும் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே போனதில் கையெல்லாம் சந்தனப்பொடி, விரலில் வேறு எது ஒட்டினாலும் தெரியாது. நாத்தனார் சூடத்தட்டோடு அவர் பக்கத்தில் நின்றாள். நல்லவேளை, சூடம் இன்னும் ஏற்றவில்லை.

“இன்னைக்கு என்னமோ வெண்ணெயாட்டம் போகுதே” என்று இவர் நட்டை முறுக்கிக்கொண்டே சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ரெகுலேட்டரில் ஒரு பொட்டு இருந்தது. மற்ற மெஷின்களில் வைத்த பொட்டெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்க, இது மட்டும் ஒட்டாமல் வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. பித்தளை பளபளவென்று இருந்தது. இவர் கை சிலிண்டரைத் திறக்கிற சாவிக்குப் போய்விட்டது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கத்தினேன். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். “ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்று எழுந்தவரிடம் ரெகுலேட்டரைக் காட்டினேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய்.

சிலிண்டர் சாவியை எடுத்துத் தூரப் போட்டார்.

“யாரு வேல இது?” என்று கேட்டேன்.

“நாந்தேன் மதினி” என்றாள் நாத்தனார். இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். “நேத்து அண்ணே கை செவந்து போச்சுல்ல. அதேன் உள்ளயும் வெளியயும் நல்லா விட்டுத் தொடச்சு, பொட்டு வச்சேன். ஏன் மதினி, தப்பா?”

என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இவர் என் கையை அழுத்தினார். “தப்பெல்லாம் இல்லத்தா. நீ போயி காப்பி போடு, போ” என்றார். அவள் வெளியே போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அவகிட்ட சொல்லீராத. தாங்க மாட்டா” என்றார்.

“சொல்லாம? ஒரு முறுக்கு முறுக்கியிருந்தா நீங்க கரிக்கட்ட. பக்கத்துல நின்ன அவளும் கரிக்கட்ட. அவ தடவுன எண்ணெக்கு நான் ரெண்டு பொணத்தப் பாத்துட்டு நின்னுருக்கணும்” என்று கொட்டித் தீர்த்தேன். குரலைத் தணிக்கத் தோன்றவில்லை.

வாசலில் சத்தம் கேட்டது. அவள் போகவில்லை. சூடத்தட்டு கீழே கிடந்தது.

“அண்ணே” என்றாள். “மதினி சொல்றது நெசமா?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. மெதுவாக வந்து அவர் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்போலிருந்தது. இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தாள்.

காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்த கை அது. அந்த வழுவழுப்பு பட்டதும் இவர் வெடுக்கென்று தன் கையை உருவிக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து சுவரில் போய் முட்டினார்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அடுத்த நொடியே “ஆத்தா, இங்க வா” என்று கூப்பிட்டார், கையையும் நீட்டினார். அவள் வரவில்லை. தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “பஸ்ஸு எத்தன மணிக்கு மதினி?” என்று கேட்டாள்.