முழு மதிப்பெண் வாங்கிய கட்டுரை

நேற்று திருத்திக்கொண்டிருந்த கட்டுரை நோட்டு ஒன்றிலிருந்து கருவாட்டு மணம் எழுந்ததும், கடியப்பட்டணத்தில் கடல் கொண்டுபோன எங்கள் பள்ளிக்கூடமும், அலை இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் கரகரத்துப்போன தமிழ் டீச்சரின் குரலும் திரும்பி வந்தன.

"கதை சொல்லாண்டாம் மக்கா, நாவல்லயிருந்து ஆதாரம் காட்டுங்க."

எங்களுக்குப் பாடமாக இருந்த அந்த நாவலில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை; அவன் உயிரோடிருக்கிறானா என்பதுதான் கட்டுரைக் கேள்வி. உடல் கரை சேராதவரை யாரையும் செத்தவர் என்று சொல்லாத ஊர் எங்களுடையது, ஆகவே வகுப்பு முழுவதும் இருக்கிறான் என்றே எழுதியது. எனக்குத்தான் புத்தி அதிகமாயிற்றே! கரையொதுங்கிய துடுப்பு, கிழிந்த சட்டை, மனைவி உலையில் குறைத்துப் போட்ட அரிசி என்று பக்க எண்களோடு அவன் சாவை நிறுவி, முழு மதிப்பெண் வாங்கினேன்.

எழுத்தறியாத அம்மா அதை வாசிக்கச் சொன்னாள். கடலுக்குப் போன அப்பா திரும்பாத இரண்டு வருடமும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தவள், கடைசி வரிவரை அசையாமல் கேட்டாள்.

"ஏட்டி, ஒனக்க அப்பன நீயே கொன்னுட்டியே."

மறுநாள் அவள் உலையில் அரிசியைக் குறைத்துப் போட்டாள்.