இரண்டு மூடிகள்

ஒப்துலியா வெர்துகோவுக்குப் பித்தப்பையை எடுத்த மாதத்தில்தான் இயக்குநர் லொயாய்சா அவளுடைய டயாட்டத்தை எடுத்துக்கொண்டார். குவாய்மாஸ் துறைமுகத்துக் கடலாய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை.

டயாட்டம் கண்ணுக்கே தெரியாத பாசி. அதற்குக் கண்ணாடி ஓடு, ஒன்றையொன்று கவ்விக்கொண்ட இரண்டு மூடிகளாக. ஓட்டிலிருக்கும் துளைகளையும் கீறல்களையும் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். கடற்புல்லில் ஒட்டியிருந்த ஒன்றில் துளைகள் யாரும் எழுதாத விதமாக வளைந்து ஓடின. புதுசு என்று முடிவுகட்டிய ஒப்துலியா, சிப்பி பறிக்க மூழ்கி மூழ்கியே செத்துப்போன அப்பா கிறிசோஃபரோவின் பெயரை அதற்கு வைக்க நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால், அது ஓர் அமைச்சரின் மனைவி பெயரில் அச்சாகியிருந்தது. கண்டுபிடித்தவர் லொயாய்சாவாம். முதலில் அச்சேறிய பெயர்தான் நிற்கும் என்பது அந்தத் துறையின் சட்டம். போதாக்குறைக்கு, கழிப்பறைக்குப் போகும் வழியில் அதன் படத்தைப் பெரிதாக மாட்டியும் வைத்தார் அந்த மனிதர்.

"விட்டுத் தொலைடி," என்றாள் மின்னணு நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்ளும் சாயோ.

"விடறதா? அந்தாளு மூஞ்சியில கரி பூசாம எனக்குச் சோறு இறங்காது."

மன்னிப்பது பெருந்தன்மை என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் எதையும் பறிகொடுத்திருக்க மாட்டார்கள். ஒப்துலியா அவருடைய கட்டுரையில் ஓட்டை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாது, அதில் பாதி அவள் எழுதியதுதானே.

ஒருநாள் மச்சாக்கா என்ற உலர்ந்த மாட்டிறைச்சியைச் சுருட்டிய ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறிதட்டியது. டயாட்டத்தைச் சுத்தம் செய்ய எல்லோரும் அமிலத்தில் கொதிக்க வைப்பார்கள். அழுக்கு போகும், கூடவே மூடிகளும் பிரிந்துவிடும். எது எதனுடைய ஜோடி என்று யாருக்குத் தெரியும்? அவளும் கொதிக்க வைத்துத்தான் பார்த்திருந்தாள்.

கொதிக்க வைக்காத கடற்புல் போத்தலில் மிச்சமிருந்தது. ஒரு துண்டைச் சாயோவிடம் கொடுத்தாள். திரையில் ஓர் ஓடு, வேகவைத்த சிப்பிபோல அரைவாய் பிளந்து கிடந்தது. மேல் மூடி, நடைபாதையில் தொங்கும் அமைச்சர் மனைவி. கீழ் மூடி, நூறு வருடத்துக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் பெயர் வைத்துவிட்ட பழைய இனம். இரண்டும் ஒரே உடம்பு.

சாயோ தலையில் கைவைத்தாள். "புதுசே இல்லையாடி இது? அப்போ உங்கப்பா பேரும் போச்சே!"

இனி யார் நினைத்தாலும் இதற்கு அப்பாவின் பெயரை வைக்க முடியாது. பிறகு ஒப்துலியா, தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"போகட்டும். அப்பா மூழ்கின கடல் அங்கேயேதான் இருக்கு, வேற ஒண்ணு கிடைக்கும். அந்தாளு என்னத்தைத் திருடியிருக்கான் பாரு, என் தப்பைத் திருடியிருக்கான்!"

அந்த ஓட்டின் படத்தை யாருக்கும் காட்டாமல், டயாட்டம்காரர்கள் கூடும் வருடாந்தரக் கூட்டம் வரை வைத்திருந்தாள். லொயாய்சா முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் அமைச்சரும் மனைவியும். அந்த அரைவாய் ஓடு திரையில் விழுந்ததும் அரங்கில் சலசலப்பு.

"டாக்டர் லொயாய்சா ஒரு மூடியைப் பார்த்துட்டுப் புது இனம்னு சொல்லிட்டார்," என்றாள் ஒப்துலியா, பாவம்போல. "படிக்கிற பிள்ளைங்க பண்ற தப்பு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அமைச்சரின் மனைவி கைப்பையை மூடினாள். லொயாய்சா முகம் சிவந்து எழுந்தார்.

"நானா பண்ணேன்? புதுசுன்னு முடிவு பண்ணது நீதானே! உன் மேஜையில இருந்ததைத்தானே நான் அப்படியே..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒப்துலியா ஒலிவாங்கியைக் கழற்றி, மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் வாயருகே நீட்டினாள்.

"சொல்லுங்க டாக்டர். பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."