எல்மா கங்காஸ் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

ஆகஸ்ட் வெயிலில் குளிர்காலக் கோட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனாள் என்பது நிஜம்தான், யார் இல்லை என்றார்கள்? அதற்காக, புருஷன் போன துக்கத்தில் எல்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தேவாலயத்தில் காப்பி குடித்துக்கொண்டே பேசலாமா? மான் வேட்டை நவம்பர் பனியில். அன்றைக்கு அந்தக் கோட்டோடுதானே துப்பாக்கியைத் தோளில் வைக்க வேண்டும்? கோடைச் சட்டையில் அளவு பார்த்து வாங்கிவிட்டுப் பனியில் திண்டாடுகிறவர்கள்தான் இங்கே புத்திசாலிகள்.

வசந்தத்தில் புருஷன் உர்ஹோ செத்துப்போனான். அடக்கத்துக்கு வந்தவர்களின் காப்பி ஆறுவதற்குள், அவன் துப்பாக்கியை "எங்கப்பா சொத்து" என்று தூக்கிக்கொண்டு போனான் தம்பி ரெய்னோ. காட்டில் இருக்கும் வேட்டைக் குடிலில் நாலே கட்டில். சொந்தத் துப்பாக்கி இல்லாதவருக்குக் கட்டில் கிடையாது. கட்டில் இல்லாதவருக்கு மான்கறியில் பங்கு கிடையாது. மிச்சிகனின் வடகோடியில் குளிர்காலம் ஆறு மாசம். கறி இல்லாமல் எல்மா அதை எப்படித் தள்ளுவாள்? ரெய்னோவோ உர்ஹோவின் கட்டிலைத் தன் மருமகனுக்கென்று முடிவே கட்டிவிட்டான்.

எல்மாவின் கையில் இருந்தது நானூறு டாலர். கடைக்காரர் லீராய் பீரங்கி மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இத எடுத்துக்கோங்கம்மா. கரடியே சுருண்டு விழும்."

"கரடி என்னை என்னப்பா பண்ணுச்சு?"

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைப்பாள். பிறகு கண்ணைத் திறந்து குறி நேராகத் தெரிகிறதா என்று பார்ப்பாள். மூன்று துப்பாக்கிகளில் கூரைதான் தெரிந்தது. நாலாவது, கட்டையெல்லாம் கீறல் விழுந்த பழசு. கண்ணைத் திறந்ததும் குறி நேராக நின்றது.

"அது பசங்க பழகறதும்மா. சுட்டா தோள்ல உதையே இருக்காது."

"உதை வாங்கவா காசு குடுக்கறேன்? இதோட தோட்டா மளிகைக் கடையில கிடைக்குமா?"

"கிடைக்கும்."

மிச்சக் காசு முழுக்கத் தோட்டாவுக்குப் போனது. செப்டம்பர் பூராவும் சரளைக் குழியில் சுட்டுச் சுட்டுப் பழகினாள்.

"அண்ணி, அத வச்சு அணில் அடிக்கலாம். குடிலுக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல?" என்றான் ரெய்னோ. குடிலுக்கு மூத்தவரான ஐனோவுக்கு இந்தச் சச்சரவு அலுத்துவிட்டது. நூறு கஜத்தில் காகிதத் தட்டை வைத்து, "ரெண்டு பேரும் சுடுங்க. ஜெயிச்சவங்க சொல்றபடி கட்டில்" என்றார்.

ரெய்னோவின் புதுத் துப்பாக்கி ஊரிலேயே பெரிசு. தோள் வலிக்கும் என்று அதை மூன்று முறைக்கு மேல் அவன் சுட்டதில்லை. விசையைத் தொடும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பின்னாலிருந்த மண்மேடு பறந்தது, தட்டு அசையவில்லை. தட்டில் எல்மா போட்ட மூன்று ஓட்டையையும் ஓர் உள்ளங்கையால் மறைத்துவிடலாம்.

மானைக் குறி தவறவிட்டவன் சட்டையின் பின்நுனியைக் கத்தரித்துக் குடில் சுவரில் ஆணியடிப்பது வழக்கம். ரெய்னோவின் துண்டுகளை மட்டும் தைத்தாலே ஒரு போர்வை தேறும்.

"அது மான் இல்லையே, தட்டுதானே!" என்று அலறினான்.

"தட்டு ஓடக்கூட இல்லையேடா" என்று ஐனோ கத்தரியை எடுத்தார்.

வேட்டைக்கு முந்தின நாள், நவம்பர் பதினாலாம் தேதி காலையில் ரெய்னோவின் போன் வந்தது. "அண்ணி, கட்டில் ஒங்களுக்குத்தான். அந்தப் பெரிய பானையையும் கொண்டாந்துருங்க. நாலு பேருக்குச் சமைக்கணும்ல?"

எல்மா போனை வைத்தாள். தனக்கு மட்டும் ஒரு இறைச்சி அப்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, துப்பாக்கி உறையைத் தோளில் மாட்டிக் கதவைத் திறந்தாள்.

"பானை எங்கடி?" என்றாள் எதிர்வீட்டு வெர்னா.

"அலமாரியில."

"அப்ப அவங்க சாப்பாட்டுக்கு?"

"பெரிய பெரிய துப்பாக்கியா வச்சிருக்காங்கல்ல, அடிச்சுத் திங்கட்டும்" என்றபடி எல்மா கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.