கொட்டிவிட்ட கருவாட்டுத் தண்ணீர்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த நேரம். எழுபதுகளின் கடைசி. ரயிலடிக்குப் போகிற சாலையில் ஒரு மெஸ்ஸில் நான் பாத்திரம் தேய்க்கவும் காய் நறுக்கவும் சேர்ந்திருந்தேன். மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்து என் வீட்டுக்காரர் படுத்துவிட்டார். அந்த வேலையை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. மெஸ் நடத்திய அம்மாவை எல்லோரும் அக்கா என்போம். ஒரு மாதம் பார்க்கிறேன், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதில் நாலு நாள்தான் பாக்கி. நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை. எனக்குப் பேச்சே வராது என்று சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

பக்கத்துக் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து மிஷின் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு ஜப்பான்காரரும் வந்தார். மத்தியானம் எங்கள் மெஸ்ஸில்தான் சாப்பாடு. சாம்பாரைத் தொடமாட்டார். வெறும் சோறும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். டிரைவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், மீதிக்குக் கைஜாடை. ஜப்பான்காரர் தன் ஊர் சாப்பாட்டைத் தானே சமைத்து எல்லோருக்கும் தரப்போகிறாராம். ராமென் என்று பெயராம். அடுப்பு மட்டும் வேண்டுமாம். அக்கா சிரித்துக்கொண்டே இடம் விட்டார்.

மைதாவில் துளி ஆப்ப சோடா போட்டுக் கெட்டியாகப் பிசைந்தார். தேய்த்து, மடித்து, கத்தியால் நூல் நூலாக அரிந்தார். பிறகு அக்காவிடம் நெத்திலிக் கருவாட்டைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து தலையையும் குடலையும் கிள்ளினார். நான் பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் கிள்ளுகிற மாதிரியே அவர் விரல் போனது. அதைப் பார்த்ததும் அவரிடம் எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது. கிள்ளிய கருவாட்டைக் குண்டானில் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிச் சின்னத் தணலில் வெகுநேரம் வைத்திருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, குண்டானைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, தன் அறையிலிருந்து சோயா சாஸ் பாட்டில் எடுத்துவரப் போனார்.

பார்த்துக்கொள் என்கிறார் என்று புரிந்தது. கருவாட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீரில் ஊறினால் உப்பும் மணலும் இறங்கும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூன்று தரம் அலச வேண்டும். பாவம், மனிதர் அதை மறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, நெத்திலியைப் பளிச்சென்று அலசி ஒரு தட்டில் வைத்தேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

அவர் வந்தார். காலிக் குண்டானுக்குள் குனிந்து பார்த்தார். தட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. கையில் பாட்டிலோடு அப்படியே நின்றார். பசியோடு வந்த பிள்ளைக்குச் சோறு இல்லை என்றால் எப்படி நிற்குமோ அப்படி. அந்தத் தண்ணீர்தான் சாப்பாடே என்று டிரைவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அக்கா டிரைவர் பக்கம் திரும்பினார். சற்று முன்பு சாக்கடை ஓரம் நின்று கை கழுவியது அவர்தான்.

"இன்னா நைனா, வெளாட்டா? நீதான ஊத்துன?"

"நான் எதுக்குக்கா ஊத்தப்போறேன்? என்னிய இன்னா கேணன்னு நெனச்சிகினியா?"

நான் சும்மா இருந்திருந்தால் பழி அவர் மேலேயே போயிருக்கும். நாலு நாள் போனால் வேலை நிலைத்திருக்கும். வெங்காயம் கையிலேயே இருந்தது. எழுந்தேன்.

"நான்தான்க்கா ஊத்திட்டேன். கருவாடு கழுவுன தண்ணின்னு நெனச்சிட்டேன்."

அக்கா காலிக் குண்டானை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது. டிரைவர்தான், "அட, இது பேசுது" என்றார்.

மெஸ்ஸில் வேறு கருவாடு இல்லை. ஊரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலி வீட்டில் இருப்பது நினைவு வந்தது. யாரையும் கேட்காமல் வெயிலில் ஓடினேன். அது உப்புப் போடாமல் மணலில் காயவைத்தது. கொண்டுவந்து நீட்டியதும் ஜப்பான்காரர் முகர்ந்து பார்த்தார், ஒன்றை வாயில் போட்டு மென்றார், தலையை ஆட்டினார். மறுபடி கிள்ளினார். நானும் கூட உட்கார்ந்து கிள்ளினேன்.

சாப்பிடும்போது மணி மூன்று. நாலு கிண்ணம் வைத்தார். நாலாவது யாருக்கு என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது வேலை செய்கிற எங்களுக்கு வழக்கமில்லை, எல்லாம் முடிந்த பிறகு அடுப்படியில்தான். அவர் என்னை நோக்கிக் கையைக் காட்டினார். அக்கா, "குந்து" என்றார்.

வாயில் வைத்தவுடன் காரத்தைத் தேடியது நாக்கு. காரமில்லை, புளியில்லை. சப்பென்று இருக்கிறதே என்று விழுங்கினேன். விழுங்கிய பிறகு ருசி வந்தது. எங்கள் வீட்டு நெத்திலிதான், ஆனால் மிளகாய்க்கும் புளிக்கும் பின்னால் இத்தனை வருஷம் அது ஒளிந்திருந்ததை நான் அறியவில்லை. மாவு நூல் விரலில் நிற்காமல் வழுக்கியது. அவர் உஸ்ஸென்று சத்தமாக உறிஞ்சினார். பெண்பிள்ளை சத்தம் போட்டுச் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் மண்டையில் குட்டு விழும். தலையைக் குனிந்துகொண்டு நானும் மெள்ள உறிஞ்சினேன். ருசி இன்னும் கொஞ்சம் கூடிய மாதிரி இருந்தது. அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேட்டேன். "நாளைக்கு வரட்டாக்கா?"

அக்கா கிண்ணத்தை இறக்கவே இல்லை.

"வராம? அந்தக் குண்டான உங்கப்பனா வந்து தேப்பான்?"