ஏழாம் நம்பரை வெட்டச் சொன்னேன்

வடுகபட்டி விவசாயி ஒருவர் ஒரு ட்ரே மலைவேம்பு நாற்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"ஒங்க விதைதாம்மா. பாதி சோகை, மீதி குட்டை. நெலத்தை உழுது போட்டுட்டேன், இதையா நடச் சொல்றீக?"

கடமலைக்குண்டு பக்கம் ஒரு தனியார் விதைத் தோட்டத்தில் நான் அப்போது சூப்பர்வைசர். நாற்றைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் பிளாக் மரங்களின் விதை. குடோனில் அதே விதை இன்னும் மூட்டை மூட்டையாக இருந்தது. எத்தனை பேர் நிலத்தைக் கெடுக்கக் காத்திருக்கிறதோ.

விதைத் தோட்டத்தில் பல காட்டு மரங்களின் குச்சிகளை ஒட்டுக்கட்டிக் கலந்து நடுவோம். ஒவ்வொரு தாய் மரத்துக்கும் ஒரு நம்பர். ஒரு நம்பரின் மகரந்தம் வேறு நம்பர் பூவில் சேர்ந்தால்தான் கன்று வீரியமாக வரும். ஆனால் நான் சேருவதற்கு முன்பு ஒரு வறட்சியில் கீழ் பிளாக்கில் ஏகப்பட்ட ஒட்டுகள் காய்ந்திருக்கின்றன. காலி இடத்தில் எல்லாம் ஏழாம் நம்பரையே வைத்துவிட்டார்கள். அதுதான் வைத்தவுடன் பிடிக்கும், நேராக வளரும், எல்லோருக்கும் செல்லம்.

ஒரே நம்பர் தனக்குள்ளேயே சேருகிறது, அதில் பெரும்பகுதியை வெட்ட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஏம்மா, நம்ம சனத்துல அக்கா மகளைக் கட்டலையா?"

"அக்கா மக வேற ஆளுங்கய்யா. இது அம்புட்டும் ஒரே மரத்துக் குச்சி. தன்னையே தான் கட்டிக்கிட்ட மாதிரி."

"அதுக்காக, இருக்கறதுலயே லட்சணமான மரத்தையா?"

வாதாடிப் பிரயோஜனமில்லை. அவர் கார் நிறுத்தும் இடத்துக்கு எதிரே, நம்பர்கள் கலந்தே நின்ற மேல் பிளாக் விதையையும் கீழ் பிளாக் விதையையும் அடுத்தடுத்த பாத்தியில் விதைத்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் போனார். மேல் பிளாக் கன்று இடுப்புக்கு வந்தபோது கீழ் பிளாக் கன்று முழங்காலைத் தாண்டவில்லை. ஒருநாள் காரை விட்டு இறங்கி, "வெட்டித் தொலை" என்றார். ரம்பம் ஓடியபோது எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு அழகான மரங்கள்.

மறுநாள் அவரே, "குடோன்ல கெடக்கற மூட்டையை மட்டும் வெளியூருக்குத் தள்ளிருவோம்" என்றார்.

அன்றைக்கே நான் நெல் அவிக்கும் அண்டாவை வாடகைக்கு எடுத்து வந்து, மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி அடுப்பை மூட்டினேன். ஆவியைப் பார்த்து ஓடி வந்தார்.

"ஏம்மா, என்னத்தை அவிக்கிற?"

"கீழ் பிளாக்கைங்கய்யா. இனி யார்கிட்ட வேணும்னாலும் தள்ளுங்க, மொளைக்காது."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கெட்ட விதையைத் தனியாக ஒதுக்கி வைத்தால் போதாது, அன்றைக்கே அவித்துவிடுங்கள்.